சும்மா நிற்கிற பெண்

‘நாட்டுப்புறப் பாணி’ என்ற சொற்றொடரில் எனக்கு எப்பொழுதும் ஒரு சந்தேகம் உண்டு. நாட்டுப்புறத்தில் இருக்கிறவன் தன் பானைக்கும் பாட்டுக்கும் அப்படி ஒரு பெயர் வைப்பதில்லை. அவனுக்கு அது பானை, பாட்டு, அவ்வளவுதான். ‘பாணி’ என்று சொல்கிறவன் வெளியிலிருந்து வந்து பார்த்தவன். பார்த்தவன் வாங்குகிறவனாகவும் இருந்துவிட்டால் பாணி ஒரு சரக்காகிவிடுகிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சரக்கில் நல்ல சரக்கும் உண்டு, மட்டச் சரக்கும் உண்டு. ஒரே சரக்கில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. அப்படி இரண்டும் சேர்ந்த ஒரு பொருளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பொருள் சிறியது. பீங்கான் மெழுகுவத்தி ஸ்டாண்டு. கையகலத் தட்டு ஒன்று. அதன் நடுவில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு தண்டு. தண்டின் தலையில் மெழுகுவத்தி செருகக் குழி. தூக்கிப் பிடிக்க ஓரத்தில் ஒரு காது. வெள்ளை மெருகின்மேல் நீலக் கோடும் மஞ்சள் கோடும் விளிம்பைச் சுற்றி வருகின்றன. தட்டின் ஒரு பக்கம் பூங்கொத்து. எதிர்ப் பக்கம் ஒரு பெண். தலையில் வெள்ளைக் குல்லாய், நீலப் பாவாடை, அதன்மேல் முன்பக்கம் கட்டிய மஞ்சள் துணி, கையில் ஒரு பூ. அவளுக்கு இருபுறமும் ஒவ்வொரு செடி.

இது பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் பிரிட்டனி என்ற பிரதேசத்தில் செய்தது. இப்பொழுது இருப்பது தர்மபுரி ஜில்லாவில், வத்தல்மலையில். மலையில் ஆசிரியராக இருக்கும் என் சிநேகிதர் ஒருவர் புதுச்சேரியில் பழைய சாமான் கடையில் இதைக் கண்டு வாங்கி வந்தார். அவர் வீட்டில் தங்கி நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காற்றும் மழையுமாக அடித்தால் மலையில் மின்சாரம் போய்விடும். அப்பொழுது இந்த ஸ்டாண்டுதான் எனக்கு ஒத்தாசை. ஆகவே அலமாரியில் வைத்து அழகு பார்த்த பொருளைப் பற்றி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உபயோகித்துப் பார்த்தே எழுதுகிறேன். தட்டு அகலமானதால் உருகின மெழுகு மேஜையில் வழிவதில்லை. அடி கனம், பூனை இடித்தாலும் சாயாது. காதுக்குள் சுட்டுவிரல் தாராளமாக நுழைகிறது. இந்த மூன்றும் சரியாக அமையாத ஸ்டாண்டுகளைப் பெரிய கடைகளிலும் நான் பார்த்திருக்கிறேன்.

கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ‘ஆன்ரியோ, கெம்பேர், பிரான்ஸ்’ என்று தூரிகையால் எழுதியிருக்கிறது. கெம்பேர் ஓர் ஊர். ஓடே என்ற நதி அதன் ஊடே போகிறது. நதிக்கரையில் லொக்மரியா என்ற பேட்டையில் 1690 முதல் பாண்டம் செய்து வருவதாகத் தொழிற்சாலைக்காரர்கள் விளம்பரம் செய்துகொள்வது வழக்கம். தெற்கே புரோவான்ஸ் பக்கத்திலிருந்து வந்த பூஸ்கே என்ற குயவர் குடும்பம் ஆரம்பித்த தொழில் அது. பிறகு ஒன்றுக்கு மூன்று தொழிற்சாலைகள் ஆயின. ஒருவர் சரக்கை ஒருவர் பார்த்துச் செய்வதும் சண்டை போடுவதும் நடந்தன. ஆன்ரியோ கம்பெனி முதலில் ‘எச்.ஆர்.’ என்று இரண்டு எழுத்தைத்தான் அடையாளமாகப் போட்டு வந்தது. பக்கத்துத் தொழிற்சாலையின் அடையாளம் ‘எச்.பி.’. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன என்று எச்.பி.க்காரர்கள் வழக்காடியதன் பேரில் 1922ல் ஆன்ரியோ தன் பெயரை முழுசாக எழுதத் தொடங்கிற்று. 1968ல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. ஆக, நம்முடைய ஸ்டாண்டு பெரும்பாலும் இந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவில் பிறந்ததாக இருக்க வேண்டும். கோர்ட்டுச் சண்டையால் ஒரு பொருளின் வயசு நமக்குத் தெரிய வருவது வேடிக்கைதான். நம்மூரில் பல கோவில்களின் வயசும் இப்படித்தான் தெரிய வந்திருக்கிறது.

பீங்கான் என்று சொன்னாலும் இது உண்மையில் மண்பாண்டம். காதுக்குப் பக்கத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. உள்ளே மங்கலான மண் நிறம் தெரிகிறது. சீனப் பீங்கானின் வெள்ளையைப் பார்த்து ஆசைப்பட்ட ஐரோப்பியர்கள், அந்த வித்தை கைவராத காலத்தில், சாதாரண மண்ணுக்கு வெள்ளைச் சட்டை போட்டு அனுபவித்தார்கள். ஒரு தரம் சுட்ட மண்பாண்டத்தை வெள்ளீயம் கலந்த மெருகுக் குழம்பில் முக்கி எடுப்பார்கள். அது உலர்ந்ததும் சுண்ணாம்பு பூசின சுவர்போல் பொடிப்பொடியாக நிற்கும். அந்தப் பொடியின் மேல்தான் தூரிகையால் எழுத வேண்டும். எழுதின பிறகு மறுபடியும் சூளை. இந்த முறைக்கு ஃபயான்ஸ் என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த உலர்ந்த பொடி. மை ஒற்றும் தாளில் பேனாவை வைத்தால் என்ன ஆகும்? வைத்த இடத்தில் உறிஞ்சிக்கொண்டுவிடும். அதேதான் இங்கேயும். தயங்கினால் திட்டு விழும். அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. ஆகையால் கெம்பேர் எழுத்துக்காரிகள் ஒரு வித்தை பழகினார்கள். தூரிகை நிறையச் சாயத்தை ஏந்தி, பாண்டத்தின் மேல் ஓர் அழுத்து, ஒரு தூக்கு. ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் கூர்ந்த இதழ் ஒன்று விழுந்துவிடும். ஐந்து அழுத்தில் ஒரு பூ. கோட்டை முதலில் வரைந்து பிறகு நடுவில் சாயம் நிரப்பும் வேலையே கிடையாது. இதழின் வடிவம் தூரிகையின் வடிவமும் கையின் வேகமும் சேர்ந்து பிறப்பது.

எங்கள் ஸ்டாண்டின் பூங்கொத்து அப்படிப் பிறந்ததுதான். நீல இதழ்கள் ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தில் ஆழ்ந்த நிறமாகவும் முடியும் இடத்தில் வெளிறியும் இருக்கின்றன. இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. தொட்ட இடத்தில் சாயம் கலங்கியிருக்கிறது. ஓர் இலை மட்டும் மற்றவற்றைவிட நீளமாகப் போய் விளிம்பின் மஞ்சள் கோட்டில் முட்டி நிற்கிறது. எழுதினவள் அந்த ஒரு நிமிஷம் வேகம் தாங்காமல் கையை இழுத்துவிட்டாள் என்று தோன்றுகிறது. பூக்கடையில் பூக் கட்டுகிறவளின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? அவள் நம்மோடு பேசிக்கொண்டே இருப்பாள், விலை சொல்வாள், குழந்தையை அதட்டுவாள். விரல் தன் பாட்டுக்கு இரண்டிரண்டு பூவாக எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். ஆயிரம் தரம் செய்த காரியம் கைக்குள் போய்விட்ட பிறகு அதில் ஒரு சுதந்திரம் பிறக்கிறது. புதுசாக ஒன்று செய்ய வேண்டும் என்று முட்டிக்கொள்கிறவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடைப்பதில்லை. திரும்பத் திரும்பச் செய்வதே கலைக்கு விரோதம் என்று சொல்கிற விமர்சகர்கள் இந்தப் பூவை ஒரு தரம் பார்க்கலாம்.

பூவைப் பற்றி இவ்வளவு சொன்னேன். எதிர்ப் பக்கத்துப் பெண்ணைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை.

பூவை எழுதிய அதே கைதான் அவளையும் எழுதியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் இங்கே கை பயந்திருக்கிறது. முதலில் கோடு, பிறகு நிரப்பல். குல்லாய் ஒரு வடிவம், பாவாடை ஒரு வடிவம், முன்துணி ஒரு வடிவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பக்கவாட்டாக ஒரு மூக்குக் கோடும் ஒரு புள்ளியும். உடுப்பைக் கழற்றிவிட்டால் உள்ளே ஒருத்தி இருப்பாள் என்ற நம்பிக்கையே நமக்கு ஏற்படுவதில்லை.

என்ன குறை என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாமல் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிவிட்டாள். மலையாளி இனத்தைச் சேர்ந்தவள். எழுபது வயசு இருக்கும். காப்பிப் பழம் காயப் போட்டிருந்த களத்திலிருந்து ஏதோ கேட்க வந்தவள் மேஜையில் இருந்த ஸ்டாண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏன் வாத்தியாரே, இவ யாரு? காட்டுக்குப் போற நேரத்துல பூவப் புடிச்சிக்கிட்டு சும்மா நிக்கறாளே!”

“அது பிரான்ஸ் தேசத்துப் பொம்பளை, ஆயா.”

“எந்தத் தேசமா இருந்தா என்ன? அவளுக்கு மாடு கன்னு கெடையாதா?”

நான் படித்த கலை விமர்சனப் புத்தகங்களில் இதைவிடச் சுருக்கமாக ஒரு சித்திரத்தின் குறையைச் சொன்னது கிடையாது. மலையில் நான் தங்கியிருக்கும் இந்த நாட்களில் எந்தப் பெண்ணும் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. காப்பி பறிக்கிறார்கள், மிளகு உலர்த்துகிறார்கள், சாமைக் காட்டில் களை எடுக்கிறார்கள், விறகு கொண்டு வருகிறார்கள். நிற்கிறபோதுகூட இடுப்பில் ஒரு குழந்தையோ கையில் ஒரு கயிறோ இருக்கும். பிரிட்டனியில் குடியானவப் பெண்ணின் வாழ்க்கை இதைவிட லகுவாக இருந்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை. பின் இந்தப் பெண் எதற்காக, யாருக்காக, திருவிழா உடுப்போடு பூவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்?

ரயிலுக்காக என்று சொல்லலாம். 1863ல் கெம்பேருக்கு ரயில் வந்தது. பாரிஸ் நகரத்துக் கனவான்கள் கடல் காற்று வாங்கவும் விசித்திரம் பார்க்கவும் வந்து இறங்கினார்கள். பிரெத்தோன் பாஷை பேசி, தொளதொளவென்ற கால்சட்டையும் அகலமான தொப்பியும் போட்டுக்கொண்டு, ஊருக்கு ஊர் வேறு மாதிரியான குல்லாய் வைத்திருந்த ஜனங்கள் அவர்களுக்கு ஒரு காட்சி. திரும்பிப் போகிறபோது கையில் எடுத்துக்கொண்டு போக ஏதாவது வேண்டுமே? 1870களில் அல்ஃப்ரெட் போ என்ற சித்திரக்காரர் போர்க்கியே தொழிற்சாலையோடு சேர்ந்து பிரெத்தோன் வாழ்க்கைக் காட்சிகளைத் தட்டுகளில் எழுத ஆரம்பித்தார். கல்யாணம், சந்தை, பாட்டுக்காரன் என்று அச்சுப் படங்களைப் பார்த்துச் செய்த விரிவான காட்சிகள். அவை விலை ஜாஸ்தி. மலிவாகச் செய்ய வேண்டுமானால் காட்சியைச் சுருக்க வேண்டும். சந்தை போயிற்று, மாடு போயிற்று, கூட்டம் போயிற்று. ஒரு ஆண், ஒரு பெண், இருபுறமும் செடி என்று நின்றுவிட்டது. ‘குட்டி பிரெத்தோன்’ என்றே அதற்குப் பெயர். உலகம் முழுவதும் விற்றது அதுதான்.

விற்ற காலத்தை யோசித்தால் மனசு கசக்கிறது. அதே வருஷங்களில் பிரிட்டனிப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் தாய்மொழி பேசினால் கழுத்தில் மரச் செருப்பு மாதிரி ஏதாவது ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இன்னொரு குழந்தை அதே தப்பைச் செய்து அகப்பட்டால் செருப்பு அந்தக் கழுத்துக்கு மாறும். (நம்மூர் இங்கிலீஷ் பள்ளிகளில் தமிழ் பேசினதற்கு அபராதம் கட்டினவர்களுக்கு இது புரியும்.) 1902ல் பிரெஞ்சு அரசாங்கம் பாதிரிமார்கள் பிரெத்தோன் பாஷையில் பிரசங்கம் செய்யக் கூடாது என்றும் உத்தரவு போட்டது. குல்லாய் வேண்டும், குல்லாய்க்குக் கீழே இருக்கிற வாய் பேசுகிற பாஷை வேண்டாம். 1905ல் பாரிஸ் குழந்தைகள் பத்திரிகை ஒன்றில் பெக்காஸின் என்று ஒரு பிரெத்தோன் வேலைக்காரப் பெண்ணின் சித்திரக் கதை தொடங்கிற்று. விசுவாசமும் அசட்டுத்தனமும் கலந்த பெண். அந்தப் படத்தில் அவளுக்கு வாயே வரைவதில்லை! பிரெத்தோன் இளைஞர்கள் சிலர் 1939ல் பாரிஸ் மெழுகுப் பொம்மைக் காட்சிசாலையில் புகுந்து அவளுடைய பொம்மையை உடைத்துப் போட்டார்கள். செய்த காரியம் முரட்டுத்தனம்தான். ஆனால் கோபம் எனக்குப் புரிகிறது.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. இந்த ‘குட்டி பிரெத்தோன்’களை எழுதினவர்கள் பாரிஸ்காரர்கள் அல்ல. அதே ஊர்ப் பெண்கள்தான், பெரும்பாலும். தாங்களே குல்லாய் வைத்துக்கொண்டு, வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து, குல்லாய் வைத்த பெண்ணை நாள் முழுவதும் எழுதினார்கள். எழுதினவள் முதுகு வலிக்க வேலை செய்தாள். அவள் எழுதினவளுக்கு வேலையே இல்லை. தன்னையே வெளியான் கண்ணால் பார்த்து எழுத வேண்டியிருந்தால் கை பயப்படத்தான் செய்யும். பூவுக்கு வெளியான், உள்ளூரான் என்ற பேதம் இல்லை. அதனால் பூவில் அவள் கை விடுதலையாயிற்று என்பது என் கட்சி. இதற்கு அத்தாட்சி கேட்டால் தட்டைத்தான் காட்ட முடியும்.

நமக்கு இது புதுசு இல்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்கள் கும்பெனி உத்தியோகஸ்தர்களுக்காக ஜாதிக்கு ஒரு ஜோடியாக எழுதிக் கொடுத்தார்கள். குயவனும் மனைவியும், செம்படவனும் மனைவியும், சாணானும் மனைவியும் என்று ஒரு கட்டு. பின்னால் வெறும் வானம். காலடியில் இரண்டு புல். கெம்பேர்த் தட்டுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. கையில் தொழிலுக்கான கருவி இருக்கும். ஆனால் அந்தக் கருவியால் அவர்கள் எதையும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். கடைச் சாமானில் ஒட்டின சீட்டு மாதிரி கையில் ஒட்டியிருக்கும். அப்புறம் திருச்சிராப்பள்ளியில் காக்காய்ப்பொன் தகட்டில் எழுதி விற்றார்கள். கண்ணாடிபோல் இருக்கும் தகடு. மேலே பளிச்சென்ற வர்ணம். அந்தக் காலத்து இந்திய மைக்காத் தொகுப்புகளில் ஒரு வகை உண்டு. அட்டையில் ஒரே ஒரு முகம் எழுதியிருக்கும். தகடுகளில் முகம் இல்லாத உடுப்புகள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு தகடாக முகத்தின்மேல் வைத்தால் ஒரே ஆசாமி சிப்பாயாகவும் பிராமணனாகவும் தண்ணீர்க்காரனாகவும் மாறிக்கொண்டே போவான். விளையாட்டுச் சாமான்தான். இருந்தாலும் எனக்கு அது பயமாக இருக்கிறது, ஏனென்றால் நாவலாசிரியன் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு அப்படியே தகட்டில் எழுதி வைத்திருக்கிறது.

சித்திரக்காரனுக்குப் பிறகு விஞ்ஞானி வந்தார். சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, 1909ல் ஏழு பாகத்தில் தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றிப் புத்தகம் போட்டார். மலையாளிகளைப் பற்றியும் அதில் இருக்கிறது. (இவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். மூதாதைகள் காஞ்சீபுரத்திலிருந்து மலையேறின சகோதரர்கள் மூவர் என்று அவர்களிடையே ஒரு கதை உண்டு.) தர்ஸ்டன் கருவி வைத்துத் தலையையும் மூக்கையும் அளந்தவர். அவர் சேர்த்து வைத்த விஷயங்களுக்காக நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது, அளந்து முடித்த பிறகு அந்த மனிதன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பான் என்றே எனக்கு யோசனை போகிறது.

இனி நம்முடைய கதைகளுக்கு வருகிறேன். மலையை வைத்துத் தமிழில் எழுதப்பட்ட கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டணத்திலிருந்து ஒரு வாலிபன் போவான். உத்தியோகமாக இருக்கலாம், காதல் தோல்வியாக இருக்கலாம். அருவிக்கரையில் ஒரு பெண் நிற்பாள். தேன் கொடுப்பாள். கபடம் அறியாதவள். பேச்சு ஒரு மாதிரி மழலையாக இருக்கும்; எந்த மலையில் அப்படிப் பேசுகிறார்கள் என்று ஆசிரியருக்கே தெரியாது. இரவு நெருப்பைச் சுற்றி ஆட்டம் நடக்கும். கடைசியில் வாலிபன் பஸ் ஏறிவிடுவான்; பெண் நின்ற இடத்திலேயே நிற்பாள். அவளுக்குக் கடன் உண்டா, பட்டா உண்டா, பிரசவத்துக்கு எத்தனை மைல் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் கதையில் வராது. கெம்பேர்த் தட்டின் பெண்தான் அவள். செடியை எடுத்துவிட்டு அருவியை வைத்தாயிற்று.

எல்லோரும் இப்படி எழுதினார்கள் என்று சொன்னால் அது அபாண்டம். ராஜம் கிருஷ்ணன் நீலகிரியில் வாழ்ந்து, படகர்களோடு பழகி, ‘குறிஞ்சித்தேன்’ எழுதினார். 1963ல் புத்தகமாக வந்தது. ஆசாரங்களைச் சொல்கிற இடங்களில் அது கொஞ்சம் மெதுவாக நகர்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் மனிதர்கள் அதில் காலத்தோடு மல்லுக்கு நிற்கிறார்கள், பேராசைப்படுகிறார்கள், தப்புச் செய்கிறார்கள். தப்புச் செய்கிற உரிமையை மலை ஜனங்களுக்குக் கொடுத்த தமிழ் நாவல்கள் குறைவு. 2004ல் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ வந்தது. வீரப்பனைத் தேடுகிறோம் என்று வந்த போலீஸ் படைக்கு நடுவில் அகப்பட்ட சோளகர்களின் கதை. அழகாக எழுத வேண்டும் என்ற கவலையே இல்லாத புத்தகம். படித்துவிட்டு இரண்டு நாள் வேறொன்றும் படிக்க முடியாமல் இருந்தேன்.

இதே தர்மபுரி ஜில்லாவில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு கிராமம் இருக்கிறது. இங்கே வத்தல்மலையில் இருக்கிற அதே மலையாளி ஜனங்கள். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் ரெவின்யூக்காரர்களும் ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நடுவில் முப்பத்தோரு வருஷம். அந்தப் பெண்கள் கூண்டில் ஏறி, எதிரில் உத்தியோகஸ்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடந்ததைத் தங்கள் பேச்சில் சொன்னார்கள். அருவிக்கரையில் தேனோடு நிற்கிற பெண்ணை எழுதிப் பழகின பேனாவுக்கு இந்தப் பெண்களில் ஒருத்தியை எழுத வருமா? மழலை பேசுகிறவளாக எழுதிவிட்டால் அவள் சாட்சி சொல்வதை வாசகன் எப்படி நம்புவான்? மலை ஜனங்களைப் பொம்மையாக எழுதுவது வெறும் ரசனைக் கேடு என்று நான் நினைக்காததற்கு இதுதான் காரணம்.

வத்தல்மலைக்கும் ‘ரயில்’ வந்துவிட்டது. 3,000 அடிக்கு மேலே இருக்கிற இந்த ஊர்களுக்கு ஒழுங்கான தார் ரோடு வந்தது இந்த நூற்றாண்டில்தான். அரசாங்கப் பஸ் ஏறத் தொடங்கினது அதற்கும் பின்னால். அதற்கு முன் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினவர்களுக்கு ரோட்டின் அருமை தெரியும். ரோடு வந்ததே கெடுதல் என்று சொல்கிற பட்டணத்து வேதாந்தம் என்னிடம் இல்லை. சுற்றுலாத் தலம் ஆக்குவதைப் பற்றி அரசாங்கத்திலும் பேச்சு நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வருகின்றன. போன வாரம் ஒரு குடும்பம் டீக்கடையில் காரை நிறுத்தி, மோட்டார் சைக்கிளில் உரமூட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், “இங்கே ஆதிவாசிகள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள்?” என்று விசாரித்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். “மேல போனீங்கன்னா இருப்பாங்க” என்று கையைக் காட்டிவிட்டுக் கயிற்றை இறுக்கினார். டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். கேட்டவர்கள் எதிர்பார்த்த உடுப்பு அவரிடம் இல்லை. மலையாளிகளிடம் வேற்று மனிதனுக்குக் காட்ட ஒரு குல்லாய் இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம் என்று அப்பொழுது நினைத்தேன். ஆனால் வாங்குகிறவன் கேட்டுக்கொண்டே இருந்தால் குல்லாய் ஒன்று தயாராகிவிடும். கெம்பேரில் குல்லாய் ஏற்கெனவே இருந்தது; அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரெத்தோன்காரர்களே இதை உணராமல் இல்லை. 1923ல் ழான் மாலிவேல் என்ற பெண்ணும் ரெனே-ஈவ் கிரெஸ்தோன் என்பவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ‘ஏழு சகோதரர்கள்’ என்று பொருள்படும் பிரெத்தோன் பெயரோடு ஒரு கலைஞர் சங்கம் ஆரம்பித்தார்கள். கடைத்தெருப் பொம்மைகளிலிருந்து தங்கள் நாட்டுக் கலையை மீட்க வேண்டும் என்பது அவர்கள் உத்தேசம். கெம்பேர்த் தொழிற்சாலைகளுக்கே போய், அங்கே உள்ள மண்ணிலும் சூளையிலும் வேறு விதமாகச் செய்து காட்டினார்கள். 1925ல் பாரிஸ் பொருட்காட்சியில் அவர்கள் செய்தவை இடம்பெற்றன. படங்களில் பார்த்த வரையில் எனக்கு அவற்றில் பாதிதான் பிடித்திருக்கிறது. கொள்கை சில இடங்களில் தூரிகைக்கு முன்னால் ஓடிவிடுகிறது. நல்ல நோக்கத்தோடு எழுதின நாவல்களில் நாம் பார்க்கிற அதே சங்கடம்.

அவர்களைவிட என் மனசுக்குப் பிடித்தவர் மத்யூரன் மேயு. அவரும் பிரிட்டனிக்காரர். 1920களில் இதே ஆன்ரியோ தொழிற்சாலைக்காகக் ‘கடல்’ என்ற வரிசையில் சாப்பாட்டுத் தட்டுகளுக்குச் சித்திரம் செய்து கொடுத்தார். நண்டு, மீன், சிங்கி இறால், கடல்பாசி. நம்முடைய ஸ்டாண்டில் சும்மா நிற்கிற பெண் எந்தச் சூளையில் வெந்தாளோ அதே சூளை. அதே வெள்ளை மெருகு. அநேகமாக அதே பெஞ்சில் உட்கார்ந்த பெண்கள். ஆகவே பழியைத் தொழிலின் மேலோ வியாபாரத்தின் மேலோ போட்டுத் தப்பித்துக்கொள்ள வழியில்லை. மேயு 1910 முதல் 1912 வரை ரொஸ்கோஃப் என்ற கடற்கரை ஊரில் கடல் உயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து, தொட்டியில் நீந்துவதையும் மணலில் ஊர்வதையும் நாள்தோறும் பார்த்துப் பார்த்து வரைந்தவர். பாசி அள்ளுகிறவர்களையும் வலை இழுக்கிறவர்களையும் அவர் வரைந்திருக்கிறார். ஒருவரும் நம்மைப் பார்த்து நிற்பதில்லை, குனிந்தபடியே இருக்கிறார்கள். அவருடைய நண்டை நான் அச்சுப் படத்தில்தான் பார்த்தேன். தட்டின் நடுவில் இருந்துகொண்டு எங்கோ அவசரமாகப் போகிறது.